துவைக்கிற கல்லின் அடிப்பக்கம்

ஜெயக்கொடிக்கு இடது கைதான் கை. சோறு தின்பதற்கும் திருநீறு பூசுவதற்கும் வலது கையைப் பழக்கிவிட அவளுடைய அம்மாவால் முடிந்தது. சுத்தியல் பிடிக்கிற கையை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. வலது கையால் தட்டினால் கல் அவள் சொன்னபடி கேட்காது. உளி வழுக்கும், அம்மியின் முகம் அம்மை வார்த்ததுபோல் ஆகிப்போகும். இடது கைக்கு மாற்றிக்கொண்டால் அதே கல், பசு மடி கொடுப்பதுபோல் இளகிக் கொடுக்கும்.

கல் கேட்டாலும் மனுஷர் கேட்க வேண்டுமே. "பீச்சாங்கையால கொத்துன அம்மியில அரைச்சு நாங்க சாமிக்குப் படைக்கணுமாக்கும்?" என்று செல்லூரில் ஒரு வீட்டில் பாதி வேலையில் எழுப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஒரு தந்திரம் வைத்துக்கொண்டாள். எந்த வீட்டில் கூப்பிட்டாலும் அம்மியைக் கொல்லைப் பக்கம் போடச் சொல்லி, ஆட்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். பின்னால் நிற்பவர்களுக்கு டிக் டிக்கென்று சத்தம்தான் கேட்கும். எந்தக் கை என்று தெரியாது.

உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. வானம் பார்த்த பூமி. இரண்டு வருஷமாக மழை பொய்த்துவிட்டதால், கிணறு வெட்டப் போய்க்கொண்டிருந்த தன் அப்பனுடைய உளிகளை எடுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏற ஆரம்பித்தாள். புருஷன் கருத்தக்கண்ணன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டான். "கல்லும் ஆடும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் அதிகமாப் பேசப்பிடாது" என்பான் அவன். அவனும் அதிகம் பேச மாட்டான்.

எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் பசுமலைச் சரிவில் ஒரு தெருவுக்குள், "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு போனபோது, மலையம்மாள் என்ற நடுவயசுக்காரி கதவைத் திறந்து கூப்பிட்டாள். அவள் புருஷன் முத்திருளன் பட்டாளத்திலிருந்து வந்தவர். மலைமேல் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். மலையம்மாளுக்குத் தெருவே அதிர்கிற குரல். ஜெயக்கொடி வழக்கம்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும், அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு கொத்துற? ஓ, பீச்சாங்கையா? எந்தக் கையா இருந்தா எனக்கென்ன. மொளகா நைஞ்சாச் சரி."

அம்மி முடிந்ததும் மலையம்மாள் சொன்னாள்: "அப்படியே அந்தத் துவைக்கிற கல்லையும் ரெண்டு தட்டுத் தட்டிட்டுப் போ, புள்ள. வழுவழுன்னு போச்சு. சேலை ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது அந்தக் கல். இரண்டு சாண் நீளம், ஒரு சாண் அகலம், நாலு விரல் கனம். சோப்புக் கறை ஏறிச் சாம்பல் நிறமாக இருந்தது. ஜெயக்கொடி உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். கருங்கல் என்றால் கை எலும்புவரை ஒரு எதிர்த்தட்டு வரும். இது எதிர்க்கவில்லை. உளி பட்ட இடத்தில் மாவுபோல் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது. கல்லும் ஆடியது. அடியில் மண் அரித்துப் போயிருக்கும், தூக்கி மண் போட்டு உட்கார வைக்கலாம் என்று அதைப் புரட்டினாள்.

அடிப்பக்கத்தில் ஈரமண் அப்பியிருந்தது. இரண்டு மண்புழு நெளிந்து இறங்கின. மண் சில இடங்களில் மேடாகவும் சில இடங்களில் பள்ளமாகவும் இருந்ததைப் பார்த்து, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தாள். மண் கரைந்து ஓடியது. அதற்குள்ளிருந்து ஒரு இலை வந்தது.

அவள் இன்னொரு சொம்பு ஊற்றினாள்.

மேல் விளிம்பில், முட்டைகளைப் பாதியாக அறுத்து வரிசையாகப் பதித்ததுபோல் ஒரு வேலை. இரண்டு முட்டைக்கு நடுவே ஒரு வேல்முனை. அதற்குக் கீழே நூலில் கோத்த மணிகள். அதற்கும் கீழே ஒரு கொடி. கொடி சும்மா போகவில்லை. வட்டமாகச் சுழன்று, தனக்குள்ளே ஒரு பூவை வைத்துக்கொண்டு, மறுபடி வெளியே வந்து அடுத்த சுழிக்குப் புறப்பட்டது. புறப்படுகிற இடத்தில் ஒரு பெரிய இலை. பிரம்மதண்டு இலைபோல் ஓரமெல்லாம் கிழிந்து கிழிந்து, ஆனால் அதைவிடச் சதைப்பற்றாக, நுனி மத்தியான வெயிலுக்கு வாடி முன்னால் கவிழ்ந்திருந்தது. தொட்டால் தளதளவென்று இருக்குமோ என்று தோன்றியது. தண்டின்மேல் ஒரு பல்லி ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு வாலும் பின்னங்கால்களும் இடுப்பும்தான் இருந்தன. அந்த இடத்தில் கல் உடைந்திருந்தது.

ஜெயக்கொடி இலையின் நரம்புக்குள் சுட்டுவிரலை வைத்தாள். விரல் வழி தெரிந்ததுபோல் நுனிவரை போய்த் திரும்பியது. இலைமடிப்பின் ஆழத்தில் சின்னச் சின்னத் துளைகள் வரிசையாக இருந்தன. முதலில் துளை போட்டு, பிறகு துளைக்கும் துளைக்கும் நடுவே இருந்ததைத் தட்டி எடுத்திருக்கிறான். ஒரு இடத்தில் மட்டும், சோம்பலோ அவசரமோ, தட்டாமல் அப்படியே விட்டிருக்கிறான். அந்த மூன்று துளைகளையும் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் யாரும் பார்க்காத இடத்தில் அப்படி விடுகிறவள்தான்.

"என்ன புள்ள, கல்லப் பாத்துச் சிரிக்கிற?" மலையம்மாள் வந்து நின்றாள்.

"அக்கா, இதுக்கு அடியில என்ன இருக்குன்னு நீங்க பாத்ததே இல்லையா?"

"எனக்கு எதுக்கு அடி? நான் மேலதான துவைக்கிறேன்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு முத்திருளன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பது தாண்டிய மனுஷர், முதுகு இன்னும் கம்புபோல் நிமிர்ந்திருந்தது. கல் புரண்டு கிடந்ததைக் கண்டதும் சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது சலவைக்கல்லு. இத்தாலியில இருந்து கொண்டாந்தது" என்றார்.

"சலவைக்கல்லுன்னு நீங்க சொன்னதாலதான துவைக்கப் போட்டேன்!" என்றாள் மலையம்மாள்.

அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து குத்தவைத்தார். இரண்டாம் உலகச் சண்டை நடந்தபோது அவர் பாலம் கட்டுகிற படையில் இருந்தாராம். அங்கே ஒரு ஆற்றங்கரையில் பழைய கட்டடம் ஒன்று குண்டு விழுந்து நொறுங்கிக் கிடந்ததாம். ரோமாபுரி ராஜாக்கள் காலத்தில் கட்டியது, இரண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல் என்று ஆபீசர் சொன்னாராம். "கோயிலோ, குளிக்கிற மண்டபமோ தெரியல. சொவத்துக்கு மேல சுத்திவர இந்தக் கொடிதான் ஓடுச்சு. லாரி சேத்துல புதையுதுன்னு அதையெல்லாம் அள்ளிப் பாதையில கொட்டுனோம். கொட்டும்போது ஒண்ண எடுத்து வச்சுக்கிட்டேன்."

"அண்ணே, இதக் கொத்துனவன் பீச்சாங்கைக்காரன்."

முத்திருளன் அவளைப் பார்த்தார்.

"இங்க பாருங்க. வலதுகைக்காரன் இந்தப் பக்கத்துல இருந்து உளிய விடுவான். வளைவுக்கு வெளிய சில்லு பேந்து போகும். இவன் அந்தப் பக்கத்துல இருந்து வந்திருக்கான். நான் கொத்துனாலும் இப்படித்தான் விழும்."

அவர் சிரித்தார். "ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்துன ஆளோட கையைக் கண்டுபிடிச்சிட்டியா? பெரிய ஆளுதான் தாயி நீ."

அந்தச் சிரிப்பு இருக்கும்போதே ஜெயக்கொடி கல்லைத் திருப்பி உடைந்த பக்கத்தைப் பார்த்தாள். இலையும் கொடியும் பழுத்த பல்போல் மஞ்சள் ஏறியிருந்தன. உடைந்த வாய் மட்டும் அத்தனை மஞ்சள் ஏறாமல் வெளுப்பாக இருந்தது. நடுவில் வெள்ளரி விதை அளவுக்கு ஒரு நசுக்கல். அவள் வாய்க்கு அப்போது பூட்டு இருந்திருக்கலாம்.

"இது குண்டு விழுந்து ஒடையலண்ணே. யாரோ சம்மட்டியால ஒடைச்சிருக்காங்க. அளவு பாத்து, நடுவுல போட்டிருக்காங்க. மறுபாதி எங்க?"

முத்திருளன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "பள்ளிக்கூடத்துல மணி அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மலையம்மாள் வட்டிலில் போட்ட சோற்றோடு வாசலில் நின்றாள்.

அன்று சாயங்காலம் உசிலம்பட்டி பஸ்ஸில், செக்கானூரணி தாண்டியதும் ஜெயக்கொடிக்குக் கண் சொருகியது. கண்ணுக்குள் வெள்ளையாக வெயில் அடித்தது. நாகமலைப் பக்கத்து வெயில் இல்லை அது. கண்ணைக் கூசவைக்காத, பாலில் நனைத்த மாதிரி வெயில். உயரமான ஒரு சுவர். சாரம் கட்டி, அதன்மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அவனுடைய முதுகுதான் தெரிந்தது. தலையில் கல் மாவு படிந்து நரை விழுந்ததுபோல் இருந்தது. இடது கையில் சுத்தியல். அவன் தட்டத் தட்டச் சுவரிலிருந்து இலைகள் வெளியே வந்தன. அவன் செதுக்குகிறான் என்றே சொல்ல முடியாது, உள்ளே ஏற்கெனவே இருந்தவற்றைக் கதவைத் தட்டிக் கூப்பிடுகிறான் என்று இருந்தது. ஒவ்வொரு இலை வந்ததும் குனிந்து வாயால் ஊதினான். தூசி அவள் முகத்தில் வந்து விழுந்தது. விழித்துப் பார்த்தபோது முகத்தில் உண்மையாகவே தூசி இருந்தது. பஸ் ஜன்னல் திறந்திருந்தது.

அதற்குப் பிறகு அவன் அடிக்கடி வந்தான். மத்தியானத்தில் யார் வீட்டு நிழலிலாவது தலை சாய்த்தால் வந்தான். பஸ்ஸில் வந்தான். ஊரில் வேப்பமரத்தடியில் கண்ணயர்ந்தபோதும் வந்தான். அவள் பின்னால் நின்று பார்ப்பாள். துளைக்கிற குச்சியில் சுற்றிய கயிற்றை ஒருவன் இழுக்க, இவன் குச்சியைப் பிடித்துக்கொள்ள, துளை இறங்குகிற விதத்தைப் பார்த்தாள். ஒரு இலைக்கு முதலில் நடு நரம்பைத்தான் எடுக்கிறான், ஓரத்தைக் கடைசியில் கிழிக்கிறான் என்று பார்த்துக்கொண்டாள். பேச்சு ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு குறை. பல்லி இருக்கிற இடத்தை அவன் தோள் மறைத்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் போய் நின்றாலும் தோள் மறைத்தது.

"தூக்கத்துல கொத்துற" என்றான் கருத்தக்கண்ணன், விலாவைத் தடவிக்கொண்டே. "எம் மேலயே கொத்துற."

"வலிச்சுதா?"

"வலிக்கல. தாளம் மாதிரித்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஆடுகளை அவிழ்க்கப் போனான்.

ஒருநாள் கனவில், சாரத்துக்குக் கீழே நாலைந்து பேர் வந்து நின்று அண்ணாந்து பார்த்து ஏதோ பேசினார்கள். பாஷை புரியவில்லை. ஆனால் அந்த ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு, சுத்தியல் பிடித்த கையை உடம்புக்கு முன்னால் இழுத்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்ததைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவன் ஏன் முதுகையே காட்டிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அட, நம்ம ஆளு!" என்று பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். கோழிக்கூடையோடு பக்கத்தில் இருந்த அம்மாள் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

பசுமலைக்கு மாதத்துக்கு ஒருதரம் போகிறவள் அந்த மாதம் நாலு தடவை போனாள். கல் இப்போது சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மலையம்மாள் வாசற்படியில் துவைத்தாள். முத்திருளன் கண்ணில் படவே இல்லை. நாலாவது தடவை அவர் வீட்டில் இருந்தார். கல்லுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஒக்காரு தாயி" என்றார். "நீ கேட்டதுக்குப் பதில் சொல்லாமப் போயிட்டேன். அன்னையில இருந்து சோறு எறங்கல."

மலையம்மாள் அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"எங்கூட சின்னச்சாமின்னு ஒருத்தன் இருந்தான். உசிலம்பட்டிக்கு மேக்க, எழுமலை ரோட்டுல ஊரு. கல்யாணம் ஆகி எட்டு மாசத்துல பட்டாளத்துக்கு வந்துட்டான். அந்த ஆத்துல பாலம் போடயில ஷெல் விழுந்துச்சு. நாலு பேரு போயிட்டாங்க. அதுல அவனும் ஒருத்தன். எரிக்கலாம்னா வெறகு இல்ல, பனியில எல்லாம் நனைஞ்சு கெடக்கு. ஆத்தோரத்துல பொதச்சோம். தலைமாட்டுல ஒரு கல்லு வைக்கணும்ல? பாதைக்குக் கொட்ட வச்சிருந்த குவியல்ல தேடினேன். ஒரு நல்ல கல்லு, கொடியும் பூவுமா, நாலு சாண் நீளத்துல கெடச்சுது. நட்டு வைக்கப் போனவனுக்கு என்ன தோணுச்சோ, சம்மட்டியால நடுவுல ஒண்ணு போட்டேன். ஒரு பாதிய அவன் தலைமாட்டுல வச்சேன். ஒரு பாதிய அவன் பொண்டாட்டிகிட்டக் கொடுக்கணும்னு எடுத்துக்கிட்டேன். சமையக்காரன் பெட்டியில ஒளிச்சு, கப்பல்ல கொண்டாந்தேன்."

அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"வந்தவுடனே போயிருக்கணும். போகல. அறுப்பு முடியட்டும்னு நெனச்சேன். அப்புறம் எனக்குக் கல்யாணம். அப்புறம், அந்தப் புள்ளைக்கு மறுகல்யாணம் ஆயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். இப்பப் போய்ப் பழசக் கெளறவான்னு இருந்துட்டேன். அஞ்சு வருசம் போச்சு. அஞ்சு வருசம் கழிச்சு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? பத்து வருசம் கழிச்சு? தள்ளத் தள்ள வெக்கம் பெருத்துப்போச்சு. வேற ஒண்ணுமில்ல."

மலையம்மாள் மெதுவாகப் பேசுவது ஜெயக்கொடியின் காதில் விழுந்தது அப்போதுதான் முதல்முறை.

"அந்தப் புள்ளைக்கு வந்த கல்லுலயா முப்பது வருசமா நான் உங்க கால்சட்டையத் தோச்சேன்?"

"நீ வந்த மக்கா நாளே தூக்கித் தொட்டிகிட்டப் போட்டுட்ட. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"வாயால சொல்றது." அவளுடைய பழைய குரல் திரும்பிவிட்டது. "ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடம் லீவுதான? கெளம்புங்க. ஜெயக்கொடி, நீயும் கூடப் போ. இவரு பாதி வழியில திரும்பி வந்தாலும் வந்துருவாரு."

ஞாயிற்றுக்கிழமை கல்லைப் பட்டாளத்துக் கம்பளியில் சுற்றி, சாக்கில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். உசிலம்பட்டியில் இறங்கி வேறு பஸ் மாறி, எழுமலை ரோட்டில் இறங்கி, கரிசல் வெடித்துக் கிடந்த காட்டு வழியில் ஒரு மைல் நடந்தார்கள். முத்திருளன் கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஜெயக்கொடி மாற்றிக்கொள்கிறேன் என்றபோது தரவில்லை.

தங்கப்பொண்ணு கிணற்று மேட்டில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்குகிற வயசு. கறுத்து, உயர்ந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காடு கரை பார்க்கிற ஒரு சம்சாரியின் தோரணை. இரண்டாவது புருஷனும் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கடைக்குட்டி மகள் அன்னக்கொடி சற்றுத் தள்ளி வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

முத்திருளன் சாக்கை இறக்கிவைத்து, கைகளைத் தொடையோடு ஒட்டி நேராக நின்றார்.

"நான் சின்னச்சாமிகூடப் பட்டாளத்துல இருந்தவன், தாயி."

அவள் எருமையின் கயிற்றை விடவில்லை. எருமை குடித்து முடிக்கும்வரை அப்படியே பிடித்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அறுப்பையும் வெட்கத்தையும் சேர்த்தே சொன்னார். கம்பளியைப் பிரித்துக் கல்லைக் காட்டினார். தங்கப்பொண்ணு கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"அவரு மொகமே எனக்கு மறந்துபோச்சுண்ணே" என்றாள். "எட்டு மாசந்தான். அதுலயும் பாதி நாளு வேலை தேடி வெளியூரு போயிட்டாரு. அழுகை வருதான்னு பாக்கேன், வரல. தப்பா எடுத்துக்காதீக." பிறகு, "அந்த எடத்துல வெயில் அடிக்குமா?" என்று கேட்டாள்.

"நாங்க இருந்தப்பப் பனி. மத்த நாள்ல நல்லா அடிக்கும்னு அந்த ஊர்க்காரங்க சொன்னாங்க."

"ஏதாச்சும் மொளைக்குமா? இல்ல, வெறும் கல்லுக்காடா?"

முத்திருளன் அந்த இலையைத் தொட்டார். "இதுதான் மொளைக்கும். களை மாதிரி எங்க பாத்தாலும் கெடக்கும். பனிக்குள்ளயும் பச்சையா இருந்துச்சு. அவனப் பொதச்ச எடத்துலயும் நாலு செடி நின்னுச்சு. அதப் பாத்துத்தான் இந்தக் கல்லையே எடுத்தேன்."

தங்கப்பொண்ணு வெகுநேரம் அந்த இலையைப் பார்த்தாள். "கடலைக்கு உரம் வச்ச மாதிரி நல்லாத்தான் மொளைச்சிருக்கு" என்றாள். அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. உடனே காரியம் பேசுகிற குரலுக்கு மாறிக்கொண்டாள். "சரி, பாதிய வச்சு நான் என்ன செய்ய? பல்லிக்குத் தலை வேற இல்ல. அந்தப் பாதியில என்ன இருந்துச்சு?"

முத்திருளன் தலையைக் குனிந்தார். "தலை இருந்துச்சு. அதுக்கு முன்னால என்ன இருந்துச்சுன்னு பாக்கல தாயி. கை வெறச்சுப்போச்சு. நட்டு வச்சிட்டு ஓடியாந்துட்டோம்."

"நான் கொத்தித் தாரேன்" என்றாள் ஜெயக்கொடி.

யார் சொன்னது என்பதுபோல் அவளே ஒருதரம் திகைத்தாள். ஆனால் சொல்லியாகிவிட்டது. கிணறு வெட்டியபோது தோண்டிப்போட்ட கருங்கல் பலகை ஒன்று மேட்டில் கிடந்தது. அதைக் காட்டினாள். "இதுல கொத்துறேன். கறுப்பாத்தான் இருக்கும். வெள்ளைக்கு நான் எங்க போவேன்?"

மறுநாளிலிருந்து ஆறு நாள் அவள் அங்கேதான் இருந்தாள். முதல் நாள் முழுக்கக் கருங்கல்லின் ஓரத்தை வெள்ளைக்கல்லின் உடைவுக்குப் பொருந்துகிற மாதிரி எடுப்பதிலேயே போயிற்று. வெள்ளைக்கல் எங்கே குழிந்ததோ அங்கே இது மேடாக வர வேண்டும். இரண்டாம் நாள் முட்டைகளும் மணிகளும். மூன்று உளி மழுங்கி, அன்னக்கொடி உசிலம்பட்டிக் கொல்லரிடம் கொண்டுபோய்த் தீட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் கொடி சுழியத் தொடங்கியது. கருங்கல் சலவைக்கல்லைப்போல் கொடுக்கிற கல் இல்லை. ஒரு இலைக்கு ஒரு பகல் கேட்டது. ஊர்ப் பெண்கள் தண்ணீருக்கு வரும்போது குடத்தை இறக்கி நின்று பார்த்தார்கள். "பீச்சாங்கையால பாரு எம்புட்டு வேகமாக் கொத்துது!" என்று ஒருத்தி சொன்னாள். அந்தக் குரலில் குற்றம் ஒன்றும் இல்லை. கருத்தக்கண்ணன் ஆடுகளை அந்தப் பக்கமாகப் பத்திக்கொண்டு வந்து, எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, சாயங்காலம்வரை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துவிட்டுப் போனான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் பல்லியின் தலையை முடித்துவிட்டு வேம்படியில் படுத்தாள். அந்த வெள்ளை வெயில் வந்தது. சாரத்தில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தான். யாரோ கீழேயிருந்து கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக்காக இருக்க வேண்டும். அவன் சுத்தியலை வைத்துவிட்டு எழுந்து, அவளைத் திரும்பிப் பாராமல் ஏணியில் இறங்கிப் போனான். முதல்முறையாக அந்த இடம் மறைப்பில்லாமல் தெரிந்தது. பல்லிக்குத் தலை இருந்தது. அவள் கொத்தியதுபோலவே சற்றுத் தூக்கி, ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உளி படாத வழவழப்பான கல்தான் இருந்தது. அவன் வேலை இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

எழுந்து உட்கார்ந்து தங்கப்பொண்ணிடம் கேட்டாள். "அக்கா, பல்லி எதைப் பாக்குது?"

தங்கப்பொண்ணு கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். யோசிக்கவே இல்லை. "ஈசல் ஒண்ணு வையி. பல்லிக்குப் பிடிச்சது அதுதான. ஈசல் வந்தா மழை வந்துச்சுன்னு அர்த்தம். இந்தக் காட்டுக்கு அதவிட என்ன வேணும்?"

இரண்டு ஜோடி இறக்கையோடு ஒரு ஈசல் கொத்தினாள். ஒரு இறக்கை பாதி உதிர்ந்த மாதிரி, தொங்கிக்கொண்டு. ஆறாம் நாள் முழுக்க அதற்கே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முத்திருளனும் மலையம்மாளும் வந்தார்கள். இரண்டு கல்லையும் கிணற்று மேட்டில் சேர்த்துப் பதித்து, சந்தில் சுண்ணாம்பு பூசியிருந்தது. வெள்ளைக்கொடி கறுப்புக்குள் போய் அப்படியே நடந்தது. மலையம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். முத்திருளன் குனிந்து, பின் உட்கார்ந்து, பின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இப்படித்தான் இருந்துச்சாண்ணே?" என்றாள் ஜெயக்கொடி.

பொய் சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது தெரிந்தது. "தலை இப்படித்தான் இருந்துச்சு" என்றார். "அதுக்கு முன்னால ஈசல் இருந்துச்சோ என்னமோ, எனக்குத் தெரியாது தாயி. ஆனா ஏதோ ஒண்ணப் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அன்னக்கொடி, "யாரும்மா இந்தச் சின்னச்சாமி? ஒருநாளும் நீ சொன்னதில்லையே" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு. ஒங்க அப்பனுக்கு முந்தி இருந்தவரு" என்றாள் தங்கப்பொண்ணு. பிறகு முத்திருளன் பக்கம் திரும்பினாள். "அவரு எப்படி இருப்பாருண்ணே? எனக்குத்தான் மறந்துபோச்சு. நீங்க சொல்லுங்க."

"குட்டையா இருப்பான். கால் ரெண்டும் கொஞ்சம் வளைஞ்சிருக்கும். சாப்பிடும்போது பேசவே மாட்டான்."

"ஆமா" என்றாள் அவள், சட்டென்று. "ஆமா, பேச மாட்டாரு. நான் ஏதாச்சும் கேட்டா வெரலத் தூக்கி இருன்னு காட்டுவாரு." அவள் அந்த விரலைத் தூக்கிக் காட்டினாள். அப்படியே தூக்கிய விரலோடு சிறிது நேரம் நின்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மலையம்மாள் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "அழு ஆத்தா, அழு. இப்பவாச்சும் வந்துச்சே" என்று முதுகைத் தட்டினாள்.

பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். முத்திருளன் ஒரு வட்டில் சாப்பிட்டு, வழித்து, கொஞ்சம் தயங்கி, "இன்னும் இருக்கா தாயி?" என்று கேட்டார். தங்கப்பொண்ணு சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

அந்த வருஷம் மழை ஆடி கழிந்துதான் வந்தது. அதுவும் பெரிசாக இல்லை. முத்திருளன் மாசிதோறும் ஒருதரம் எழுமலை ரோட்டில் போய் இறங்கி, கிணற்று மேட்டில் ஒரு பகல் இருந்துவிட்டு வருவார். தண்ணீருக்கு வருகிற புதுப் பெண்கள் அந்தக் கல்லைப் பார்த்து என்ன சாமி என்று கேட்டால், "சாமியெல்லாம் இல்ல. சீமையில இருந்து பாதி வந்துச்சு, மீதிய இங்க செஞ்சுக்கிட்டோம்" என்று தங்கப்பொண்ணு சொல்லி, குடத்தை இடுப்பில் ஏற்றிவிடுவாள்.